பழைய பிரேமில் புதிய கியர்: வாசகர் கேள்வி பதில்

பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புதிய கியர் போடுவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெரும்பாலானவை தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவை. மேடு ஏற முடியவில்லை என்பதுதான் பலருடைய குறை. வாங்கிய சாமான் பொருந்தவில்லை என்று எழுதியவர்களும் உண்டு.

கேள்வி: ஐயா, என் அப்பா 1980களில் வாங்கிய இரும்பு ரேஸ் சைக்கிளை ஓட்டுகிறேன். முன்னால் 52, 42 பல். பின்னால் 6 பல்சக்கரம், 14 பல் முதல் 24 வரை. கியர் லிவர் கீழ்க்குழாயில் இருக்கிறது. தோட்டச் சாலையில் குறையில்லை. கேமரன் மலைப் பாதையில் லாத்தா இஸ்கண்டார் போய்ச் சேர்வதற்குள் முட்டி கழன்றுவிடுகிறது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு தம்பி" என்கிறார்கள் கடையில். என்ன செய்யலாம்? (தாப்பா வாசகர்)

பதில்: தூக்கிப் போட வேண்டாம் தம்பி. பிரேம் விரிசல் இல்லாமல் இருந்தால் இன்னும் இருபது வருடம் ஓடும். உங்கள் முட்டியைக் கெடுப்பது கியர்தான்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 42, பின்னால் 24 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ 3.7 மீட்டர் போகும். முன்னால் 34, பின்னால் 32 போட்டால் அதே ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர்தான். இந்தக் கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9.5 கி.மீ. வேகம் வரும். உங்கள் இப்போதைய கியரில் அதே வேகத்துக்கு 42 சுற்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு எடை முழுவதும் முட்டியில் இறங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கி.மீ. பாதையில் 1,400 மீட்டர் ஏற வேண்டும். அதை 42 சுற்றில் மிதித்து ஏற எந்த முட்டியாலும் முடியாது.

காசை எடுப்பதற்கு முன் ரூலரை எடுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு பிளவுகளின் உள்பக்கத்துக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். பின்னால் 5 பல்சக்கரம் இருந்த காலத்துப் பிரேம் 120 இருக்கும். 6, 7 சக்கரக் காலத்தது 126. எட்டிலிருந்து பதினொன்று வரை 130. உங்களுடையது 126 ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

126 பிரேமில் 130 ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) போடலாம். பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்க வேண்டும், அவ்வளவுதான். கையால் விரித்துச் சக்கரத்தை உள்ளே தள்ளினாலும் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் ரோட்டோரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பழகிய பட்டறையில் கொடுத்து நிரந்தரமாக விரித்துக்கொள்வதே நல்லது. இரும்புக்கு மட்டும்தான் இது. அலுமினியத்தையும் கார்பனையும் விரித்தால் விரிசல் விடும். சந்தேகமாக இருந்தால் குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றை ஒட்டிப் பாருங்கள்.

விரித்த பிறகு ஒரு நூலை எடுத்து ஒரு பிளவில் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றி மறு பிளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 16 என்று வந்தால் ஒரு கை மட்டும் வளைந்திருக்கிறது, மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள். பின் கியர் மாற்றி தொங்கும் காதையும் அளவுக் கருவி வைத்து நேராக்கிவிட வேண்டும். (பின் கியர் மாற்றியை இங்கே கடைகளில் ஆர்.டி. என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.) இந்தக் காதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு எத்தனை முறை கேபிளை முறுக்கினாலும் நடு கியர்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சக்கரம். உங்கள் பழைய ஹப்பில் பல்சக்கரக் கொத்து மரையில் திருகி ஏறியிருக்கும், அதன் பெயர் ஃப்ரீவீல். கேசட் என்பது திருகாமல் செருகி ஏற்றும் புதுவகைக் கொத்து. அது ஏறும் உருளையான ஃப்ரீஹப் உள்ள ஹப் தேவை, ஆகவே 130 மி.மீ. ஹப்புடன் பின்சக்கரமே மாற்ற வேண்டும். வாங்குமுன் டயர் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 622 என்றால் 700சி, கவலையில்லை. 630 என்றால் பழைய 27 அங்குலம். 700சி ரிம் அதைவிட 4 மி.மீ. உள்ளே இருக்கும், பிரேக் கட்டையை அந்த அளவுக்குக் கீழே இறக்க இடம் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் நீளக் கை உள்ள பிரேக் (காலிப்பர்) வாங்க வேண்டும்.

முன்னால் கிராங்க், அதாவது பெடல் கையும் முன் பல்சக்கரங்களும். உங்களிடம் ஐந்து போல்ட் கிராங்க் இருக்கும். பக்கத்துப் பக்கத்து போல்ட் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள். 84.6 மி.மீ. என்றால் போல்ட்டுகள் நிற்பது 144 மி.மீ. வட்டம், அதில் 41 பல்லுக்குக் கீழே போக முடியாது. 76.4 என்றால் 130 வட்டம், 38 வரை. 64.7 என்றால் 110 வட்டம், 34 தாராளமாக ஏறும். முதல் இரண்டில் எதுவானாலும் 50, 34 காம்பாக்ட் கிராங்க் வாங்குவதே வழி. கிராங்குக்கு ஏற்ற பாட்டம் பிராக்கெட்டையும் (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்) சேர்த்து வாங்குங்கள். ஜப்பான், தைவான், இங்கிலாந்துப் பிரேம்களில் பெரும்பாலும் 68 மி.மீ. அகலம், 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை இருக்கும். இத்தாலியப் பிரேம் என்றால் 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

எத்தனை கியர்? 8 போதும் என்பதே எங்கள் கருத்து. தோட்டத்துச் செம்மண்ணில் ஓடும் சைக்கிளுக்கு 11, 12 வேண்டாம். 8 கியர் செயினின் வெளி அகலம் ஏறத்தாழ 7.1 மி.மீ., 11 கியர் செயின் 5.5. பல்லுக்குப் பல் இடைவெளி 8இல் 4.8 மி.மீ., 11இல் 3.7க்குப் பக்கம். கேபிளில் கொஞ்சம் சேறு ஏறினாலும், காது ஒரு நூல் வளைந்தாலும் 8 பொறுத்துக்கொள்ளும், 11 பொறுக்காது. சின்ன ஊர்க் கடையிலும் 8 கியர் செயின் கிடைக்கும். ஷிமானோ கிளாரிஸ் (8 கியர் வரிசை) லிவர், கிளாரிஸ் ஆர்.டி. (செயின் உருளைகளைத் தாங்கும் கூண்டு நடு நீளம், ஜி.எஸ். என்று எழுதியிருக்கும்), 11–32 கேசட், 8 கியர் செயின். இதுதான் உங்களுக்கான பட்டியல். எஃப்.டி. எனப்படும் முன் கியர் மாற்றியையும் லிவரின் அதே தலைமுறையில் வாங்குங்கள். இரும்புக் குழாய்க்கு அதன் பட்டை பெரும்பாலும் 28.6 மி.மீ., ஆனாலும் அளந்துவிட்டே கேளுங்கள்.

கூண்டு போதுமா என்று பார்க்கும் கணக்கு எளிது. முன் பற்களின் வித்தியாசம் 50−34, அதாவது 16. பின்னால் 32−11, அதாவது 21. கூட்டினால் 37. ஆர்.டி.யின் கொள்ளளவு 37க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குட்டைக் கூண்டு வாங்கினால் சின்னதும் சின்னதும் சேரும்போது செயின் தொங்கும்.

கீழ்க்குழாயில் லிவர் இருந்த மொட்டுகளில் கேபிள் நிறுத்தி இரண்டைப் பூட்டிவிட்டால் புது லிவரின் கேபிள் அங்கிருந்து இறங்கிவிடும். ஹேண்டில்பாரை மாற்ற வேண்டியதில்லை. லிவர் பூட்டும் இடம் 24 மி.மீ.க்குப் பக்கம் இருந்தால் போதும். பின்னால் லாரி வரும்போது ஒரு கையை எடுத்துக் கீழே குனிந்து கியர் மாற்றும் ஆபத்தும் இதோடு ஒழியும்.

செயின் நீளம்: ஆர்.டி.க்குள் விடாமல், முன் பெரிய சக்கரத்தையும் பின் பெரிய சக்கரத்தையும் சுற்றிப் போட்டு, இரண்டு முனையும் சேரும் இடத்திலிருந்து ஓர் உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இதற்குக் குறைவாக வெட்டிவிட்டு, மேட்டில் தவறிப் பெரியதுக்குப் பெரியது போட்டால் ஆர்.டி. பிய்ந்து காதும் முறுக்கிக்கொள்ளும். இரும்புப் பிரேமில் அந்தக் காது பிரேமோடு ஒட்டியது, ஞாபகம் இருக்கட்டும்.

ஆர்.டி. சரிசெய்யும் வரிசை மாறக்கூடாது. கேபிளைக் கட்டாமலேயே ஆர்.டி.யில் எச் (H) என்று குறித்த திருகைத் திருப்பி, மேல் உருளையைச் சின்னப் பல்லின் வெளி ஓரத்துக்கு நேராக நிறுத்துங்கள். அடுத்து கையால் ஆர்.டி.யைத் தள்ளி, எல் திருகைப் பெரிய பல்லுக்கு நேராக நிறுத்துங்கள். பிறகுதான் கேபிளை இழுத்துக் கட்டி, ஒரு கிளிக்குக்கு ஒரு பல் நகர்கிறதா என்று பீப்பாய்த் திருகால் பாருங்கள். கடைசியாக பி திருகு: பெரிய பல்லில் இருக்கும்போது மேல் உருளைக்கும் பல்லுக்கும் 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். எல் திருகை அலட்சியம் செய்தால் மேட்டில் செயின் ஸ்போக்குக்குள் விழும். சக்கரமும் போகும், ஆர்.டி.யும் போகும்.

கேள்வி: என் சைக்கிள் 9 கியர். 11 கியர் கேசட் வாங்கிவிட்டேன். கடைசிப் பல் சரியாக உட்காரவில்லை, கேசட்டை இறுக்கும் வளையமான லாக்ரிங்கும் மரையைப் பிடிக்கவில்லை. கேசட் பழுதா? (பீடோர் வாசகர்)

பதில்: கேசட்டில் பழுதில்லை. ஷிமானோவின் 11 கியர் ரோடு ஃப்ரீஹப் பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். 8, 9, 10க்கான உங்கள் ஃப்ரீஹப்பில் அந்தக் கேசட் அடங்காது. பலமாக முறுக்கினால் லாக்ரிங் மரை அழியும், முறுக்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. ஷிமானோ எச்.ஜி.800 என்ற 11 கியர், 11–34 கேசட்டில் பெரிய பல் ஸ்போக் பக்கமாகக் கவிழ்ந்து நிற்கும். அதனால் பழைய ஃப்ரீஹப்பிலேயே ஸ்பேசர் (இடைவெளி வளையம்) இல்லாமல் உட்காரும். ஆனால் அதற்கு 34 பல்லைத் தாங்கும் ஆர்.டி.யும், 11 கியர் லிவரும், செயினும் வேண்டும். கேசட்டை மட்டும் மாற்றிவிட்டு 9 கியர் லிவரோடு ஓட்ட முடியாது. கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் 9 கியர் கேசட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்த்திசையில் சிக்கலே இல்லை. 11 கியர் ஃப்ரீஹப்பில் 8, 9 கேசட் போட 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒன்று முதலில் போட்டால் போதும். ஷிமானோ 10 கியர் ரோடு கேசட் என்றால் அதோடு 1 மி.மீ. ஸ்பேசர் ஒன்றும் சேர வேண்டும். எதுவானாலும் லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர், அதாவது நீளக் கைப்பிடி ஸ்பேனரில் நன்றாக அழுத்தி முறுக்கும் அளவு.

கேள்வி: 9 கியர் ரோடு லிவரோடு 10 கியர் மவுண்டன் (மலைச் சைக்கிள்) ஆர்.டி. போட்டேன், பெரிய பல் கிடைக்குமே என்று. இரண்டு கிளிக் சரியாக இருந்தாலும் அடுத்த பல்லில் நடுவில் நிற்கிறது. எத்தனை நாள் சரிசெய்தாலும் தீரவில்லை. (சுங்கை வாசகர்)

பதில்: எத்தனை நாள் திருகினாலும் தீராது. உங்கள் லிவர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ. கேபிள் இழுக்கிறது. பழைய ரோடு ஆர்.டி. அதை 1.7 மடங்காக்கும். 2.5ஐ 1.7ஆல் பெருக்கினால் 4.25, 9 கியர் கேசட்டின் பல் இடைவெளி 4.35. பொருந்திவிடுகிறது. ஷிமானோ 10 கியர் மவுண்டன் ஆர்.டி. 1.2 மடங்குதான். அதே கிளிக்குக்கு 3 மி.மீ. நகர்ந்து நிற்கும். ஒவ்வொரு கிளிக்கிலும் 1.35 மி.மீ. பாக்கி. மூன்று கிளிக்கில் ஏறக்குறைய ஒரு பல்லே பின்தங்கிவிடும்.

உங்களுக்குத் தேவை 9 கியர் மவுண்டன் ஆர்.டி. ஷிமானோவின் 8, 9 கியர் மவுண்டன் ஆர்.டி.யும் 8, 9, 10 கியர் ரோடு ஆர்.டி.யும் அதே 1.7 குடும்பம். இதற்கு விலக்கு 2 இருக்கிறது. டியாக்ரா 4700 பெயருக்கு 10 கியர், ஆனால் இழுவை 11 கியர் குடும்பத்தைச் சேர்ந்தது. 1996 வரை வந்த டியூரா ஏஸ் 7400 வரிசைக்கும் இழுவை தனி. இந்த இரண்டையும் பழைய சாமான் பெட்டியில் பார்த்தால் ஆசைப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகள் பள்ளிக்குப் போகிற சைக்கிள். பின்னால் 6 சக்கர ஃப்ரீவீல், 14–24. பள்ளி மேட்டில் இறங்கித் தள்ளுகிறாள். இவ்வளவு செலவு செய்ய எங்களால் முடியாது ஐயா. (தோட்டத் தாய் ஒருவர்)

பதில்: பெரிய செலவே வேண்டாம் அம்மா. 14–28 ஃப்ரீவீலும் 6, 7, 8 கியருக்கான செயினும் போதும். 24இலிருந்து 28க்குப் போனால் மேட்டில் மிதிக்கும் பாரம் ஏழில் ஒரு பங்கு குறையும். பழைய குட்டைக் கூண்டு ஆர்.டி. பொதுவாக 26, 28 வரைதான் ஏறும். 34 பல் வேண்டுமென்றால் நீளக் கூண்டு ஆர்.டி.யும் வாங்க வேண்டும். ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்ற பூட்டுக்கருவி தேவை, கடையில் ஐந்து நிமிட வேலை. சக்கரத்தை மாற்றப்போகிறீர்கள் என்றாலும் ஸ்போக்கை வெட்டுமுன் ஃப்ரீவீலைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்போக் போன பிறகு ஹப்பைப் பிடித்து முறுக்க வழியே இல்லை.

சக்கரம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் பிளவிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும், பாரம் ஏறினால் அச்சு அந்த இடத்தில்தான் வளையும்.

கேள்வி: புதுச் செயின் போட்டேன். அழுத்தி மிதித்தால் பின்னால் 'டக் டக்' என்று தாவுகிறது. பழைய செயினில் இப்படி இல்லை. (தெமோ வாசகர்)

பதில்: பழைய செயின் தேய்ந்து நீண்டபோது பற்களையும் அதே அளவுக்குத் தேய்த்துவிட்டது. புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராது. கேசட்டும் மாற்ற வேண்டும். அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க, அங்குல ரூலரை எடுத்து ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வையுங்கள். 12 முழுக் கண்ணி புதுசில் சரியாக 12 அங்குலம். பின் ரூலரில் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 ஆகிவிட்டால் கேசட்டும் போயிற்று. செம்மண் சாலையில் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறையாவது அளக்க வேண்டும்.

கேள்வி: கிராங்கைக் கழற்றிவிட்டேன், பாட்டம் பிராக்கெட் அசையவே இல்லை. கருவி வழுக்கி விளிம்பே அழிகிறது. (பீடோர் வாசகர்)

பதில்: எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்? 68 மி.மீ. பிரேமில் செயின் பக்கம் இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மறுபக்கம் வழக்கம்போல எதிர்ப்பக்கம். இத்தாலிய 70 மி.மீ. என்றால் இரண்டுமே எதிர்ப்பக்கம். தப்பான பக்கம் முறுக்கியே பாதிப் பேர் இறுக்கிவிடுகிறார்கள்.

திசை சரிதான் என்றால் சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஊடுருவும் எண்ணெயைக் கோப்பை ஓரத்தில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். கருவியை ஒரு போல்ட்டும் அகல வாஷரும் போட்டு அச்சோடு பூட்டிவிட்டால் வழுக்காது. நம் மழையில் சீட் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி அங்கேயே தேங்குகிறது. புதியது போடும்போது மரை முழுவதும் கிரீஸ் தடவுங்கள். அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் கியர் மாறுவதே இல்லை. சின்னப் பல்லுக்கு இறங்க ரொம்ப நேரம் ஆகிறது. வெயில் வந்தால் கொஞ்சம் சரியாகிறது. (தாப்பா வாசகி)

பதில்: பின்னால் ஆர்.டி.க்குப் போகும் குட்டைக் கேபிள் உறையைப் பாருங்கள். சைக்கிளில் அதுதான் மிகத் தாழ்ந்த வளைவு. உள்கம்பியோடு இறங்கும் தண்ணீரும் செம்மண்ணும் அங்கேயே நிற்கின்றன. கம்பியை உருவிப் பார்த்தால் அந்த வளைவுக்கு நேரான பகுதி மட்டும் செந்நிறமாக, தொட்டால் நெருநெருவென்று இருக்கும். லிவர் இழுக்கும்போது கம்பி நகர்ந்துவிடும். விடும்போது ஆர்.டி. ஸ்பிரிங்குக்கு அந்த உராய்வை வெல்லும் பலம் இல்லை. இறங்கத் தாமதமாவது அதனால்தான்.

அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினாலே பாதிக் குறை தீரும். 4 மி.மீ. கியர் உறை, 1.2 மி.மீ. துருப்பிடிக்காத உள்கம்பி. பழைய துண்டின் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டிய முனை சப்பையாகியிருந்தால் ஊசியால் உள் குழாயைத் திறந்து, முனையைத் தட்டையாக அரத்தால் ராவி, தொப்பியை மாட்டுங்கள். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் தடத்தையும் கழுவுங்கள், அங்கேயும் மண் அடைந்திருக்கும்.

இரண்டு உறைகளையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும், பிரேக் உறைக்குள் சுருளாகச் சுற்றியிருக்கும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் கியர் சரியாக நிற்காது, அவ்வளவுதான். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், பலமாகப் பிடிக்கும்போது உறை வெடித்துப் பிரேக் கைவிட்டுவிடும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடையில் வாங்கும்போது உறையின் வெட்டுமுனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரேக்குக்கு 5 மி.மீ. சுருள் உறை, 1.5 அல்லது 1.6 மி.மீ. உள்கம்பி.